பல் டாக்டரின் இரண்டு சீட் கார்

பிப்ரவரி 9

சின்னவளுக்கு,

அம்மா சொல்லித்தான் எழுதுகிறேன். "நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசுனா மூணாவது வார்த்தையில சண்டை. லெட்டர் எழுதிக்கோங்க. அதுலயாவது ஒருத்தி சொல்லி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தி வாயை மூடிக்கிட்டு இருப்பா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நீயும் சரி என்றாயாம். எத்தனை கடிதம் தாங்குகிறது என்று பார்ப்போம்.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய கார் விளம்பரங்களை நான் படிப்பது உனக்குத் தெரியும். மற்றவர்கள் ராசிபலன் படிப்பதுபோல எனக்கு அது. வாங்கப் போவதில்லை என்றாலும் ஒரு நாள் விடமாட்டேன். போன வாரம் அதில் ஒரு படம் வந்தது. பால் வெள்ளைக் கார், உள்ளே சிவப்பு சீட், மடித்துவிடக்கூடிய துணிக் கூரை. படத்தின் ஓரத்தில் பாதி தெரிந்த நீல கேட்டைப் பார்த்ததும் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் தெருக்கோடிப் பல் டாக்டர் வீட்டு கேட் அது. அவர் போய்ச் சேர்ந்தபின் டாக்டரம்மா காரை விற்கிறார்கள்.

உனக்கு அந்தக் கார் நினைவிருக்கும். நினைவில்லாமல் எப்படிப் போகும், நீதான் அதில் ஏறிப்போனவள் ஆயிற்றே. உனக்குப் பல் பிடுங்கிய அன்று நாற்காலி பக்கத்தில் நின்று உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். என் உள்ளங்கையில் உன் நகம் பதிந்தது. நீ போட்ட கூச்சலில் டாக்டர் பயந்துபோய், "அழாதம்மா, உன்னை என் கார்லயே வீட்டுல விடுறேன்" என்றார். நானும் ஓடிவந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "ரெண்டு சீட்தாம்மா இருக்கு, நீ பெரிய பொண்ணு, நடந்துடுவே" என்றார். நீ வாயில் பஞ்சோடு எனக்குக் கையாட்டிவிட்டுப் போனாய். உன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நான் நடந்து வந்தேன். பல் உன்னுடையது, தண்டனை எனக்கு.

அந்தக் காரை நான் வாங்கப்போகிறேன்.

கையில் இருப்பது கொஞ்சம்தான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் லீவு போடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து சேர்த்தது. இந்த மாதிரிக் கார் நல்ல நிலையில் இருந்தால் நான் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. விளம்பரத்தில் "உள்ளது உள்ளபடி" என்று போட்டிருக்கிறார்கள். அதனால்தான் விலை என் கைக்கு எட்டுகிறது. அதனால்தான் பயமாகவும் இருக்கிறது. மகள் படிப்புக்கு உதவித்தொகை கிடைத்துவிடும் என்கிறாள், அந்தக் கவலை இல்லை.

நான் வரமுடியாது, லீவு இல்லை. நீ போய்ப் பார். உன் தையல் கடையில் கீழே சிந்திய ஊசி பொறுக்குகிற காந்தம் இருக்கிறதே, அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போ. கதவுக்குக் கீழே ஓடுகிற பட்டையிலும் சக்கரத்துக்கு மேலேயும் வைத்துப் பார். ஒட்டினால் இரும்பு நல்ல இரும்பு. ஒட்டாமல் நழுவினால், துரு தின்ற ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து மேலே பெயிண்ட் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி இருந்தால் வேண்டாம்.

என் பெயரைச் சொல்லாதே. உன் கண்ணால் பார், என் மூளையால் யோசி.

பெரியவள்


பிப்ரவரி 21

மகாராணி அக்காவுக்கு,

உத்தரவு கிடைத்தது. உன் மூளையையும் தபாலில் அனுப்பியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் படித்து நான் கொஞ்ச நேரம் சிரித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நீ ஒரு பழைய சாமானுக்கு ஆசைப்படுகிறாய். உன் கவுன், உன் சைக்கிள், உன் புத்தகப்பை, அதில் நீ மை கொட்டிய கறை, எல்லாவற்றையும் பழசான பிறகு வாங்கிக்கொண்டவள் நான். எனக்கென்று கடையில் போய்ப் புதிதாக வாங்கியது பல் தேய்க்கிற பிரஷ் மட்டும்தான். பழைய சாமான் வாங்கும் விஷயத்தில் நீ என்னிடம் பாடம் கேட்கலாம்.

ஒரே ஒரு தடவை எனக்கு முதலில் கிடைத்தது அந்தக் கார் சவாரி. அதையும் இத்தனை வருஷமாக மனதில் வைத்துப் புழுங்குகிறாய் என்று இப்போதுதான் தெரிகிறது. அம்மா இன்றைக்கும் என் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு, "பெரியவ வீடு கண்ணாடி மாதிரி இருக்கும்" என்கிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிற வீடு கண்ணாடியாகத்தான் இருக்கும். தினமும் காபி போட்டுக் கொடுக்கிறவள் வீடு இப்படித்தான் இருக்கும். எரிகிறது அக்கா, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சரி, கார். நேற்றுப் போனேன். டாக்டரம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு, "தெருவே அதிர அழுதவதானே நீ" என்று கேட்டார்கள். ஷெட்டைத் திறந்தார்கள். அக்கா, நான் கேலி பண்ணலாம் என்றுதான் போனேன். ஆனால் அதைப் பார்த்ததும் கேலியை மறந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். நம் நினைவில் இருந்ததைவிடச் சின்னதாக இருக்கிறது, தாழ்வாக, பதுங்கிக்கொண்டு. பல் டாக்டர் பல் நிறத்திலேயே வாங்கியிருக்கிறார் மனுஷன். சிவப்பு சீட்டில் தையல் மூன்று இடத்தில் விட்டிருக்கிறது. தோல் நல்ல தோல், நூல்தான் மக்கிவிட்டது. துணிக் கூரை கந்தல். சாவி போட்டதும் இருமிவிட்டுக் கிளம்பியது, புகை வந்தது, பிறகு நின்றது.

டாக்டரம்மா தண்ணீர் எடுத்துவர உள்ளே போனபோது காந்தத்தை எடுத்தேன். நீ சொன்ன இடங்களுக்குக் குனிய வேண்டும், சேலை அழுக்காகும், முதலில் கைக்கெட்டிய பானெட் மேலேயே வைத்தேன். நழுவிக் கீழே விழுந்தது. இன்னொரு பக்கம் வைத்தேன், அங்கேயும் விழுந்தது. நடுவில் வைத்தேன், விழுந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், நான் மூன்று சோறு பார்த்துவிட்டேன். முகமே பட்டி என்றால் கீழே எதைப் பார்க்க? கிளம்பி வந்துவிட்டேன்.

ஆக, உன் ராஜகுமாரி முழுக்க முழுக்கப் பவுடர் பூசிய கிழவி. ஞாயிற்றுக்கிழமைக் காசை அதில் கொட்டாதே.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

சின்னவள்


மார்ச் 3

சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சரி, விடு. வேண்டாம் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிடு. காந்தத்தை ஊசிப்பெட்டியில் திரும்ப வைத்துவிடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒருத்தியின் ஆசை மண்ணாய்ப் போன செய்தியை இவ்வளவு குஷியாக எழுதியிருக்க வேண்டாம். எனக்குக் கிடைக்காமல் போனதில் உன் வயிறு குளிர்ந்திருக்கும். நன்றாகக் குளிரட்டும்.

உன் மாமா, "வேற கார் கிடைக்கும்" என்கிறார். அவருக்கு எல்லாக் காரும் நாலு சக்கரம்.

பெரியவள்


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

நீ எழுதவில்லை என்று நானும் எழுதவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. இவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவதால் விடுமுறையில் வீட்டோடு இருக்கிறார், அதாவது சோபாவோடு.

எனக்குக் கடையில் தலைக்கு மேல் வேலை. டாக்டரம்மா வீட்டு ஜன்னல் திரை அத்தனையும் நான்தான் தைக்கிறேன், அங்கே சோபாவுக்கும் உறை மாற்ற வேண்டும். அதனால் அந்தப் பக்கம் அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. வேறொன்றும் இல்லை.

உன் மகளுக்கு உதவித்தொகை கிடைத்துவிட்டதா? அம்மா கேட்டால் பேச்சை மாற்றுகிறாயாம். நல்ல செய்தியை ஒளித்து வைப்பானேன்?

உன் கையெழுத்தைப் பார்த்து நாளாயிற்று. திட்டுவதற்காவது எழுது.

சின்னவள்


மே 6

சின்னவளுக்கு,

திட்டச் சொன்னாய். எழுதுகிறேன்.

நேற்று அம்மா போனில் என்னென்னவோ பேசிக்கொண்டே வந்து, "சின்னவ என்னைக் கூரையில்லாத கார்ல கடைத்தெருவுக்குக் கூட்டிட்டுப் போனாடி, முடியெல்லாம் பறந்து பேயாட்டம் ஆயிட்டேன்" என்று சிரித்தாள். என்ன கார் என்று கேட்டேன். "அதான், பல் டாக்டர் கார்" என்றாள். பிறகுதான் அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

கையில் இருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டேன். உன் மாமா என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

முகமே பட்டி என்றாய். பவுடர் பூசிய கிழவி என்றாய். என்னிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீயே போய் வாங்கியிருக்கிறாய். ஜன்னல் திரை என்றாய், சோபா என்றாய், "வேறொன்றும் இல்லை" என்றாய். வேலிக்கு ஓணானைச் சாட்சி வைத்தது என் தப்பு. உன்னை அனுப்பியதற்குப் பதில் தெருவில் போகிற யாரையாவது அனுப்பியிருக்கலாம்.

அந்தக் காரில் உட்கார முதலில் நீ. பிறகு டாக்டர் போய், டாக்டரம்மா கையை விட்டும் போய், இப்போது ஓட்டுவதும் நீ. பக்கத்தில் அம்மா. நான் மட்டும் செருப்பைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். என்னிடம் இருந்து எல்லாம் பழசாக வந்தது என்று அழுதாயே, எனக்கு என்ன கிடைத்தது? பெரிய பெண், நடந்துவிடுவாள். அதுதான் எனக்குக் கிடைத்தது. எனக்கு இப்போது வயிறு பற்றி எரிகிறது. பெரியவள் அப்படிச் சொல்லக் கூடாது என்று சொல்லாதே, எரிகிறது.

அம்மா சொல்லியிருக்காவிட்டால் எப்போது சொல்வதாக இருந்தாய்?

இதற்குப் பதில் எழுதாதே.


மே 14

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். நான் எப்போது நீ சொன்னதைக் கேட்டிருக்கிறேன்?

பொறாமை என்று சொல், ஒப்புக்கொள்கிறேன். பொய் என்று சொல்லாதே. காந்தம் விழுந்தது நிஜம். நான் அதை நம்பியதும் நிஜம்.

நீ வேண்டாம் என்று எழுதிய பிறகு, டாக்டரம்மாவிடம் சொல்லப் போனேன். அவர்கள் வருத்தப்பட்டு, "கூரைத் துணியையாவது தைச்சுக் குடும்மா, அப்பவாவது யாராவது கேக்குறாங்களான்னு பாப்போம்" என்றார்கள். தைத்தேன். ஒரு நாள் பல்லில் ஊசி கவ்விக்கொண்டு தைத்தபோது வாய் தவறி, "பானெட்டுல இவ்வளவு பட்டி இருக்கே, எங்க இடிச்சாரு" என்று கேட்டுவிட்டேன். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பட்டியா? அது அலுமினியம்மா. அலுமினியத்துல எங்க காந்தம் ஒட்டும்? வர்ற பிள்ளைங்களுக்கெல்லாம் அவர் இதை வித்தையா காட்டுவாரே" என்றார்கள்.

எனக்கு முகம் செத்துவிட்டது. குனிந்தேன், சேலை போனால் போகிறது என்று தரையில் உட்கார்ந்தேன். கதவுக்குக் கீழே காந்தத்தை வைத்தேன். பச்சக் என்று பிடித்துக்கொண்டது, பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. சக்கரத்து மேலேயும் அப்படியே. டிக்கித் தரையில் மட்டும் உள்ளங்கை அகலம் துரு. நீ பார்க்கச் சொன்ன இடத்தை மட்டும் பார்த்திருந்தால் அந்தக் கார் இன்று உன் வாசலில் நிற்கும்.

அன்றைக்கே உனக்கு எழுதத் தாளை எடுத்தேன். "அக்கா, கார் நல்ல கார்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். உனக்குக் கார் வரும். அதோடு, "சின்னவளை நம்பி ஒரு வேலை சொன்னேன், அதையும் சொதப்பினாள்" என்று ஆயுள் முழுக்க ஒரு பேச்சும் வரும். அம்மா அதற்குத் தலையாட்டுவாள். நீ லீவில் வந்து அதை ஓட்டுவாய், நான் உன் கிழிந்த சீட்டைத் தைப்பேன். உன் சாமானைத் தைப்பதுதானே என் வேலை.

அப்புறம், அந்தக் கார் எனக்கும் பிடித்துவிட்டது. உனக்கு மட்டும்தான் பிடிக்க வேண்டுமா? தைக்கிறபோது அந்தச் சிவப்பு சீட்டில் உட்கார்ந்தால் தெருவே வேறாகத் தெரிகிறது. எனக்கு வந்த பழசெல்லாம் நீ கழித்தது. நீ தொடாத பழசு ஒன்றாவது எனக்கு இருக்கட்டும் என்று தோன்றியது.

நான் கொடுத்ததில் பாதிதான் காசு. மீதிக்கு வீடு முழுக்க ஜன்னல் திரையும் சோபா உறையும் தைத்துக் கொடுக்கிறேன், இன்னும் முடியவில்லை. இவருக்கு முதலில் கோபம், இப்போது ஞாயிற்றுக்கிழமை அதற்கு அடியில்தான் படுத்திருக்கிறார். புகை குறைந்திருக்கிறது. இரண்டாம் கியர் உன்னைப் போல, கெஞ்சினால் மிஞ்சும், மிஞ்சினால் கெஞ்சும்.

எப்போது சொல்வதாக இருந்தாய் என்று கேட்டாய். தெரியவில்லை. நீ வந்து கண்ணால் பார்க்கும்வரை சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

நீ கேட்டால் கொடுத்துவிடுகிறேன். அழுதுகொண்டேதான் கொடுப்பேன், ஆனால் கொடுப்பேன். என்ன சொல்கிறாய்?

சின்னவள்


ஜூன் 20

சின்னவளுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை. கோபம் முதல் வாரத்தோடு தீர்ந்துவிட்டது. இந்தக் கடிதத்தை எழுதப் பிடிக்கவில்லை, அதுதான் காரணம்.

அந்தப் பானெட் அலுமினியம் என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் எனக்கும் அந்த வித்தையைக் காட்டியிருக்கிறார். எனக்குச் சொத்தைப் பல் அடைத்த அன்று, காந்தத்தை என் கையில் கொடுத்து, "எங்க, ஒட்டிக் காட்டு பாப்போம்" என்றார். அதனால்தான் உனக்கு எழுதும்போது கதவுக்குக் கீழே, சக்கரத்துக்கு மேலே என்று இடம் குறித்துச் சொன்னேன். நீ பானெட்டோடு திரும்பிவிட்டாய் என்று படித்ததுமே உன் தப்பு எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு வரி எழுதினால் போதும், "மடச்சி, குனிந்து பார்" என்று. நான் எழுதவில்லை.

உன் கடிதம் வந்த அதே வாரத்தில்தான் மகளுக்கு உதவித்தொகை இல்லை என்று தெரிந்தது. அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் போய்க் கதவைத் தட்டி, "அம்மாகிட்ட இருக்கு, நீ சேரு" என்றேன். கார் காசு போய்விட்டது. கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை, இதை நீ நம்ப வேண்டும். ஆனால் கார் வாங்கக் காசில்லை என்று உன்னிடம் சொல்ல என்னால் முடியவில்லை. யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன், உன்னிடம் முடியாது. பெரியவளுக்கு இல்லை என்பதே கிடையாது என்று உங்கள் எல்லோருக்கும் காட்டிப் பழகிவிட்டேன். அந்த நேரத்தில் உன் கடிதம் வந்தது. கார் குப்பை என்று நீயே எழுதியிருந்தாய். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கிடைக்காததற்குக் காரணம் என் கை வறட்சி இல்லை, கார்தான் என்று ஆகிவிட்டது. அதோடு, உன் குஷியைக் குத்திக்காட்டவும் ஒரு வாய்ப்பு.

பிறகு நீ வாங்கிவிட்டாய் என்று கேட்டபோது, ஏமாந்தவள் மாதிரி உன்னைத் திட்டினேன். காரை நீ பறித்தாய் என்பதைவிட, தெரிந்தே நான் விட்டதை நீ எடுத்துக்கொண்டாய் என்பதுதான் எரிந்தது. யாரோ முகம் தெரியாதவன் வாங்கியிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது. இப்போதும் கொஞ்சம் எரிகிறது. நீ அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிறாய் என்று நினைத்தால் இன்னும் கொஞ்சம்.

காரைக் கொடுத்துவிடாதே. நீ தைத்த சீட்டில் நீ உட்கார். நான் கழித்துப் போட்டது அல்ல அது, ஆசைப்பட்டும் கைவிட்டது. பழசு என்றாலும் அது வேறு.

மகள் விடுதிக்குப் போய்விட்டாள், வீடு நீ சொன்ன மாதிரி கண்ணாடியாகத்தான் இருக்கிறது. அடுத்த மாதம் லீவு கிடைக்கும். வருகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். இவ்வளவு வயதில் கேட்க வெட்கமாக இருக்கிறது. நான் வருகிற அன்று மட்டும் மாப்பிள்ளையைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, அம்மாவையும் வீட்டிலேயே இருக்கச் சொல். உன் பக்கத்து சீட்டை எனக்கு வை. தெருக்கோடியிலிருந்து நம் பழைய வீட்டு வாசல்வரை போனால் போதும்.

பெரியவள்


ஜூன் 26

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, இவர் தோளில் தலையை வைத்து நன்றாக அழுதேன். டாக்டர் இருந்திருந்தால் பயந்துபோய்க் கார் எடுத்திருப்பார். "காசு இல்லை" என்று என்னிடம் ஒரு தடவை சொல்ல உனக்கு இத்தனை வருஷம் வேண்டியிருந்திருக்கிறது, கர்வி.

ஸ்டேஷனுக்கு வருகிறேன். கூரையை மடித்துவிட்டு வருகிறேன், தலைக்குத் துணி கட்டிக்கொள். அம்மா பெரியவளுக்காக இறங்கிக்கொள்கிறாளாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

ஆனால் நீ கேட்ட சீட்டைத் தர முடியாது. அது என்னுடையது. வாயில் பஞ்சோடு, தெருவே அதிர அழுது நான் சம்பாதித்த இடம் அது, உனக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். உனக்கு உட்கார வேண்டுமானால் இன்னொரு சீட் இருக்கிறது. முன்னால் ஸ்டியரிங் இருக்கும், இடித்துக்கொள்ளாமல் ஏறு. சாவி என் பையில்தான் இருக்கும், இறங்கியதும் கேட்டு வாங்கிக்கொள்.

இரண்டாம் கியரை மட்டும் திட்டாதே.

சின்னவள்